ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த படம்

இன்று காலை ஒரகடம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெரியவர்கள் பழைய கதை பேசிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர். ஊரில் முதன்முதலாக டிவி வாங்கிய வீடு அவருடையது.

"ஞாயித்துக்கெழம படம் போட்டா ஊரே எங்க வூட்லதான் குந்திகினு பாக்கும்" என்றார்.

"அந்த ஒத்துமை இப்ப எங்க கீது?" என்று மற்றவர் பெருமூச்சு விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, ஊரே ஒண்ணும் உள்ள குந்தல. எங்க தெருக்காரங்கள நீங்க வாசப்படி ஏற வுட்டதே இல்ல. ஜன்னலுக்கு வெளிய நின்னுதான் பாத்தோம். கம்பியத் தொட்டா உங்கம்மா திட்டுவாங்க. மழ வந்தா ஜன்னலையே சாத்திடுவீங்க. பாதிப் படத்துக்கு எனக்கு இன்னும் முடிவு தெரியாது."

திரும்பிப் பார்த்தார். கொஞ்சமாவது சங்கடப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் சிரிக்கிறார்!

"உனக்கின்னாம்மா, நீ காத்தோட்டமா நின்னு பாத்தே. நாங்கதான் உள்ள வேர்த்து வெந்துகினு கெடந்தோம்."

பேருந்தில் நாலு பேர் அதற்குச் சிரித்தார்கள். இறங்கி, கம்பெனி கேன்டீனில் நூறு பேருக்குச் சாம்பார் ஊற்றி முடித்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

என்னைப் போலக் காத்தோட்டமாக நின்று படம் பார்த்தவர்கள் எல்லாம் கமெண்டுக்கு வாருங்கள். மழை வந்தாலும் இங்கே ஜன்னலைச் சாத்த மாட்டேன்.