கோட்டின் மேல் விழுந்த பந்து

என் தாய்மாமனோடு நான் ஒன்பது வருஷம் பேசவில்லை. காரணம் ஒரு பந்து. அது கோட்டின் மேல் விழுந்தது. வெளியே விழுந்தது என்று அவர் சொன்னார். அப்போது எனக்குப் பத்து வயது. இன்றைக்கும் சொல்கிறேன், அது கோட்டின் மேல்தான் விழுந்தது.

எழுபதுகளில் எங்கள் தெருவில் வாலிபால் பைத்தியம் பிடிக்காத வீடு கிடையாது. காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோயிலும் என்று வெளியூர்க்காரர்கள் பேசுவார்கள். எங்களுக்குத் தறி, தறியை விட்டு எழுந்தால் வாலிபால். எங்கள் டீமில் ஓங்கி அடிக்கிறவனைக் கொக்கு என்பார்கள். அவ்வளவு உயரம். வாலாஜாபாத் டீமில் அடிக்கிறவன் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். அவன் பெயர் மில்லுக்காரன். கொக்கு பெரியவனா, மில்லுக்காரன் பெரியவனா என்பதுதான் டீக்கடையில் பேச்சு. சாவு வீட்டிலும் அதே பேச்சு. கொக்கு எகிறி அடித்தால் பந்து நெட்டை ஒட்டிச் செங்குத்தாக இறங்கும் என்பான் ஒருவன். மில்லுக்காரன் அடித்ததை எடுத்தவன் ரெண்டு நாளைக்குத் தறியில் உட்கார முடியாது என்பான் இன்னொருவன். யாரும் யாரையும் கட்சி மாற்றியது கிடையாது. மாற்றுவதற்காகப் பேசவும் இல்லை.

அப்பா கொக்குவின் கட்சி. தறியில் உட்கார்ந்திருக்கும்போதே கொக்கு எப்படி அடித்தான் என்று கையைத் தூக்கிக் காட்டுவார். கரையை வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலையில், நூலைக் கொண்டு ஓடும் நாடா கரைக்கென்று தனியாக வேண்டும். அதை வீசுவதற்கு வலது பக்கம் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அக்கா. அப்பா கையைத் தூக்கும்போதெல்லாம் நாடாவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். "கொக்கு அடிச்சு முடிச்சிட்டானாப்பா? நான் நாடா போடட்டுமா?" என்பாள். அவளுக்கு சர்வீஸுக்கும் ஸ்மாஷுக்கும் வித்தியாசம் தெரியாது.

அக்காவுக்குப் பதினேழு வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டு ஒரு வருஷமாகத் தறியில் இருந்தாள். டீச்சர் டிரெயினிங் போகிறேன் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "கோர்வை யார் போடறது?" என்றார் அப்பா. பேச்சு முடிந்தது. ஆனால் அவளுக்குக் கல்யாணம் என்று வந்தபோது அந்தக் கோர்வை அப்பாவுக்கு ஞாபகம் வரவில்லை. அதற்குத்தான் நான் இருந்தேனே.

மாப்பிள்ளை என் தாய்மாமன். வாலாஜாபாத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அந்த ஊரில் இருந்துகொண்டு கொக்குவின் கட்சி. அதற்காகவே அவருடைய சைக்கிள்களில் காற்றைப் பிடுங்கி விடுவார்களாம். "சொந்த ஊர்க்காரனைத் தூக்கிப் பேசாம, ஆட்டத்தைப் பார்த்துப் பேசறான் பாரு. அவன்தான் மனுஷன்" என்பார் அப்பா. முறை மாமன் என்பது இருக்கட்டும். இந்த ஒரு குணத்துக்காகத்தான் அக்காவை அவருக்குக் கொடுப்பதென்று முடிவு பண்ணினார். அக்காவை யாரும் கேட்கவில்லை. மாமாவையும் கேட்கவில்லை.

அந்த வருஷம் பொங்கல் ஆட்டத்தில் எங்களுக்கும் வாலாஜாபாத்துக்கும்தான் பைனல். கோட்டு ஓரத்தில் கொடி பிடிக்கிறவர் அப்பா. அவ்வளவு பெரிய கொக்கு பைத்தியத்தின் கையில் கொடியைக் கொடுத்தார்கள். ஆனாலும் யாரும் ஆட்சேபிக்கவில்லை. அப்பா எதில் பொய் சொன்னாலும் கொடியில் சொல்ல மாட்டார் என்று இரண்டு ஊருக்கும் தெரியும். மிஞ்சிய சிவப்புப் பட்டில் அவரே தைத்த கொடி. கீழே காட்டினால் பந்து உள்ளே. மேலே தூக்கினால் வெளியே.

கடைசி செட்டு. பதினாலுக்குப் பதிமூன்று. கொக்கு எகிறி அடித்தான். பந்து மூலையில், சுண்ணாம்புக் கோட்டின் மேல் பட்டு, பொடி பறக்க எழும்பி, கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் மடியில் வந்து விழுந்தது. அப்பா கொடியைக் கீழே காட்டினார். என் பக்கத்தில் இருந்த மாமா "லைன்ல, லைன்ல" என்று கத்திக்கொண்டு என்னைப் பந்தோடு சேர்த்துத் தூக்கிவிட்டார். என் பச்சைப் பாவாடையில் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

நாங்கள் ஜெயித்தோம். எதிர் வீட்டுச் சாயக்காரர் மட்டும், பந்து நாலு விரல் வெளியே என்றார். அன்றோடு அப்பா அவரோடு பேச்சை விட்டார். பட்டுக்குச் சாயம் போட வேறு தெருவுக்குப் போனார்.

மாசியில் நிச்சயதார்த்தம். அதற்கு இரண்டு நாள் முன்னால் அக்கா எனக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா ஏன்டி சாயக்காரர்கிட்ட பேசறதில்ல?"

"பந்து வெளியேன்னு சொன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கொடியைத் தப்பா காட்டினாருன்னு யார் சொன்னாலும் அப்பா விடமாட்டாரு. சாமியே வந்து சொன்னாலும்."

அக்கா பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். வாலிபால் பற்றி அவள் என்னிடம் கேட்டது அது ஒரு தடவைதான். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

நிச்சயத்துக்கு வாலாஜாபாத்திலிருந்து பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் வெற்றிலைத் தட்டு. தட்டை மாற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்போது மாமா, "என்ன சொல்லுங்க, மில்லுக்காரன் பக்கத்துல கொக்கு நிக்க முடியாது" என்றார்.

அப்பா சிரித்தார். "இன்னாப்பா, மாப்பிள்ளை ஆனதும் ஊர்ப் பாசம் வந்துடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"பாசம் இல்ல மாமா. பொங்கலுக்கு ஜெயிச்சது கொக்கு இல்ல. உங்க கொடி."

மாமா அதோடு விடவில்லை.

"அந்தப் பந்து வெளியே. நானும் பார்த்தேன். நீங்களும் பார்த்தீங்க."

எழுந்து நடுவில் போய் நின்றேன். "மாமா பொய் சொல்றாரு. லைன்லன்னு நீதானே கத்துனே? என் பாவாடையில சுண்ணாம்பு இருந்திச்சே."

மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. "சின்னப் பொண்ணு. அவளுக்கு என்ன தெரியும்" என்றார்.

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "வாய் தவறி வந்துடுச்சுன்னு சொல்லுடா. உன்னைக் கும்பிடறேன்டா."

"வெளியேதான்க்கா" என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்பா தட்டை அவர்கள் பக்கம் தள்ளினார். "பொய்க்கொடி காட்டினவன் வீட்டுல உனக்கு எதுக்குப்பா பொண்ணு? எடுத்துக்கினு கிளம்புங்க." கத்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அக்கா அழுதுகொண்டிருப்பாள் என்று சமையலறைக்கு ஓடினேன். கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். "போயிட்டாங்களா?" என்று கேட்டாள். போய்விட்டார்கள் என்றேன். ஒரு கரண்டி கேசரியை எடுத்து என் கையில் வைத்தாள். கை சுட்டது. அதிர்ச்சியில் அவளுக்கு என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் நின்ற வீட்டுப் பெண் என்று வாலாஜாபாத் பக்கம் பேச்சு கிளம்பியது. அப்பாவுக்கு வீம்பு. "என் பொண்ணு டீச்சராவா. ரோட்டுல அவளைப் பார்த்தா அந்த சைக்கிள் கடைக்காரன் இறங்கி நிக்கணும்" என்றார். ஜூன் மாதம் அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவளை டிரெயினிங் ஸ்கூலில் விட்டுவந்தார். தறியின் வலது பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். என் பள்ளிக்கூடம் பாதி அங்கேயே போயிற்று. அந்தக் கோபத்தையும் நான் மாமாவின் மேல்தான் வைத்தேன். என் கல்யாணத்துக்கு அவர் மாலை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும்வரை வைத்திருந்தேன்.

அக்கா ரிட்டயர் ஆன அன்றுதான் எனக்குச் சொன்னாள். வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் அப்பா அடித்துக் கட்டிவைத்திருப்பார். மாமா சொல்லியிருந்தால், தாய்மாமனே வேண்டாம் என்ற பெண் என்று அவள் பெயர் கெட்டிருக்கும். அப்பாவே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்கு வாலிபாலைத் தவிர வழி இல்லை. நிச்சயத்தில் என்ன பேச வேண்டும் என்று மாமாவுக்குச் சொல்லி அனுப்பியது அக்காதான். எந்த இடத்தில் அடித்தால் அப்பா உடைவார் என்று தலை பின்னும்போது அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று கத்தினேன். "நீ அப்பாகிட்ட சொல்லியிருப்பே" என்றாள். சொல்லியிருப்பேன்தான்.

நிச்சயம் நின்றதற்கு அடுத்த பொங்கல் ஆட்டம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாமா எங்கள் பக்கம் வரவில்லை. வரமுடியாது. வாலாஜாபாத்துக்காரர்களுக்கு நடுவில், மில்லுக்காரனுக்காகக் கத்தும் கும்பலில் நின்றிருந்தார். கொக்கு எகிறி ஒரு அடி அடித்தான். அப்படி ஒரு அடியை நான் அப்புறம் பார்த்ததில்லை. மாமாவின் இரண்டு கையும் தட்டுவதற்காக மேலே போயின. பாதியில் நின்றன. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கட்சி மாறியவனுக்குக் கண்ணில் மண் விழுந்துவிட்டது என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிச் சிரித்தேன். மாமா அந்த நிச்சயதார்த்தத்தில் சொன்னதெல்லாம் பொய். என்னைப் பற்றிச் சொன்னது மட்டும் உண்மை.