கரைந்த அம்பாரத்துக்குக் காவல்

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலையில் திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்குப் பஸ் ஓடவில்லை. சைக்கிளில் கிளம்பினேன். பாதித் தூரம் நான் சைக்கிளில் போனேன். மீதித் தூரம் சைக்கிள் என் தோளில் வந்தது. சாலையில் புளியமரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

அது எண்பதுகளின் கடைசி. ஒரு நாளிதழுக்கு அந்த வட்டாரத்தின் பகுதிநேர நிருபராக இருந்தேன். பகுதிநேர நிருபருக்குக் கேமரா கிடையாது. போட்டோ வேண்டுமென்றால் புதுச்சேரி ஸ்டுடியோவிலிருந்து ஆள் பிடித்து வர வேண்டும். அன்றைக்குப் புதுச்சேரி சாலையும் அடைபட்டிருந்தது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேமரா இருந்திருந்தால் நான் எழுதப்போகும் விஷயமே நடந்திருக்காது.

பள்ளிக்கூடத்தில்

உப்பளத் தொழிலாளர் குடும்பங்களை எல்லாம் அரசுப் பள்ளியில் தங்க வைத்திருந்தார்கள். புயலுக்குப் பிந்தைய ஊரைப் பார்க்கப் போகும் இளம் நிருபர்கள் அழுகுரலை எதிர்பார்த்துப் போவார்கள். நான் கேட்டது பெரும்பாலும் வழக்குகளைத்தான். யார் பாயை யார் எடுத்தது, யார் பிள்ளை யார் தட்டில் கை வைத்தது. கூரை போனவர்கள் கூரையைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் தன் வீட்டுக் கதவைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்து வகுப்பறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். "கதவு இருக்குது சார். வீடு எப்ப வேணா கட்டிக்கலாம்" என்றார்.

சோற்று வரிசையில் நின்ற அஞ்சலை என்ற பெண்ணிடம் வீட்டில் எல்லோரும் பத்திரமா என்று விசாரித்தேன்.

"நானு பத்திரம். அந்த ஆளு அளத்துல ஒக்காந்துகினு இருக்குது."

"யாரு?"

"எங்க வூட்டுக்காரருதான். எனக்கா தாலி கட்டுச்சு அது? உப்புக்குக் கட்டுச்சு."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை.

அவள் கணவர் முனுசாமி, தாவூது பாய் என்ற உப்பு வியாபாரியின் அளத்தில் காவல்காரர். மற்ற அளத்துக் காவல்காரர்கள் காற்று பலத்ததும் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்துவிட்டார்கள். முனுசாமி வரவில்லை. உயிரோடு இருக்கிறார் என்பதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"அங்க இன்னா இருக்குது காவல் காக்க?" என்றார் ஓடிவந்தவர்களில் ஒருவர். "எல்லாம் கரைஞ்சு போச்சு."

"கரைஞ்சுதோ, முன்னாடியே லாரி ஏறிடுச்சோ" என்றார் இன்னொருவர். "புயலுக்கு முந்தி அந்தப் பக்கம் லாரி சத்தம் கேட்டுச்சா இல்லையா?"

"ஏம்பா, அது பக்கத்து அளத்துக்கு வந்த லாரி."

"எதுக்கு வந்துச்சுன்னு ராத்திரியில யாரு பாத்தா?"

நான் கவனித்தது இது: ஓடிவந்த காவல்காரர்கள்தான் இதை அதிகம் பேசினார்கள். முனுசாமி திருடன் என்றால் அவர்கள் ஓடிவந்தது தவறில்லாமல் போய்விடும். அஞ்சலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வரிசையில் நகர்ந்தாள். சோற்றை வாங்கியதும் பாதியைத் தூக்குச்சட்டியில் போட்டு மூடி என்னிடம் நீட்டினாள்.

"எழுதறதுக்கு அந்தப் பக்கம் போவீங்க இல்ல. குடுத்துடுங்க. நானு போனா சண்டைதான் வரும்."

அளத்தில்

உப்பளத்தை வேறு நாட்களில் பார்த்தவர்களுக்குத்தான் அன்று பார்த்ததன் பொருள் புரியும். வெயில் காலத்தில் அது கட்டம் கட்டமாகப் பாத்தி, பாத்திகளுக்கு நடுவே வரப்பு, ஓரத்து மேட்டில் வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரம் என்று இருக்கும். அன்று பாத்தி இல்லை, வரப்பு இல்லை. கழுவெளி ஏரியும் கால்வாயும் அளமும் ஒரே தண்ணீர். அம்பாரம் இருந்த மேடுகள் மட்டும் அங்கங்கே முதுகு காட்டின. அவற்றில் ஒன்றில் ஒரு மனிதர் குந்தியிருந்தார். முழங்கால் தண்ணீரில் அவரை நோக்கி நடந்தேன். கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு ஆள் இல்லை. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. என் கால் தண்ணீரைக் கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் என்னை வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், கை அசைக்கவில்லை.

"பாய் அனுப்புனாரா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

இல்லை, பேப்பரிலிருந்து வருகிறேன் என்றேன். தூக்குச்சட்டியை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். திறக்கவில்லை.

அவருக்கு முன்னால் பனை ஓலைகளால் எதையோ மூடி வைத்திருந்தார். ஓலைகளின் மேல் அவருடைய சட்டை. ஒரு ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். உள்ளே முழங்கால் உயரத்துக்கு அழுக்கு வெள்ளையில் ஒரு கட்டி. ஆள் உயரத்துக்கு மேல் நின்ற அம்பாரத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அடியில் கசிந்துகொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் அம்பாரம் கட்டி முடித்ததும் ஓலையால் மூடி, சுற்றிலும் அடியில் களிமண் பூசுவார்கள். மண் ஈரமாக இருக்கும்போதே முதலாளி தன் எழுத்து செதுக்கிய கட்டையை அதில் அழுத்துவார். அதுதான் முத்திரை. யாராவது உப்பில் கை வைத்தால் மண் விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். மழைக்காலத்தில் விலை ஏறியதும் முதலாளியே வந்து முத்திரையைத் தன் கையால் உடைப்பார். அதுவரை அம்பாரத்துக்குக் காவல்காரர்தான் பொறுப்பு. உடைத்த பிறகு அவர் வீட்டுக்குப் போகலாம்.

"முத்திரைதான் கரைஞ்சுடுச்சே" என்றேன்.

"கரைஞ்சுது. ஆனா உடைக்கல இல்ல சார்."

"பாய்க்குத் தெரியாதா புயல்ல எல்லாம் போச்சுன்னு?"

"பாய்க்குத் தெரியும். ஊருக்கு?" ஓலையை மறுபடி இழுத்து மூடினார். "இன்னா பேசறானுங்கன்னு அங்கேர்ந்தே கேக்குது சார். பாய் வந்து இந்தக் கட்டியைப் பாத்துட்டா, உப்பு இங்கதான் கரைஞ்சுதுன்னு அவரு வாயால சொல்லிடுவாரு. இதுவும் கரைஞ்சுட்டுதுன்னு வையுங்க, அப்புறம் நானு எதைக் காட்டறது? வெறும் மேட்டையா?"

நான் பார்த்ததை எழுதுகிறேன், பேப்பரில் வரும் என்றேன். கேமரா இருந்திருந்தால் அந்தக் கட்டியைப் படமெடுத்து ஊருக்கே காட்டியிருப்பேன்.

"நீங்க எழுதுவீங்க. முத்திரை வெச்ச கை வரணும் சார்."

புயலின்போது மேட்டிலிருந்த பனைமரத்தோடு துண்டால் தன்னைக் கட்டிக்கொண்டதாகச் சொன்னார். கேட்டதால் சொன்னார். அதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை. தாவூது பாய் பெருமுக்கலில் ஒரு நண்பர் வீட்டில் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார், போகிற வழியில் சொல்லிவிடுங்கள் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

டெலிபோனில்

முதலில் செய்தி. தொழில் அப்படி. பெருமுக்கலில் நிற்காமல் திண்டிவனம் போய் ட்ரங்க் கால் போட்டேன். டெஸ்க்கில் இருந்த உதவி ஆசிரியர் எடுத்தார்.

"சொல்லுய்யா. சாவு எத்தனை?"

"மரக்காணம் பக்கம் சாவு இல்ல சார். உப்பளம் மொத்தமும் போயிடுச்சு. அம்பாரமெல்லாம் கரைஞ்சு போச்சு."

"மழையில உப்பு கரைஞ்சது நியூஸா? கரையாம இருந்தா சொல்லு, பாக்ஸ் கட்டிப் போடறேன்."

பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. அவர் மோசமான மனிதர் அல்ல. வேறு மாவட்டங்களிலிருந்து சாவுச் செய்திகள் வந்துகொண்டிருந்தன, பேப்பரில் இடமில்லை. முனுசாமியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "நாலு வரி குடு, போதும்" என்றார். நாலு வரி கொடுத்தேன். அதில் முனுசாமி இல்லை.

பெருமுக்கலில்

மறுநாள் காலையில் பெருமுக்கல் போனேன். நண்பர் வீட்டு முன்னறையில் தாவூது பாய் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வேட்டி சட்டை கசங்காமல் இருந்தது. யார் என்று சொல்லிக்கொண்டு முனுசாமி காத்திருப்பதைச் சொன்னேன்.

"தெரியும் தம்பி. ஆள் மேல ஆள் வந்து சொல்லிட்டான், எல்லாம் போச்சுன்னு."

"ஒரு தடவை வந்து பார்த்துட்டீங்கன்னா..."

"பாத்து?" அப்போதும் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் போய்ப் பாக்கிற வரைக்கும் அது அங்கதான் இருக்குது தம்பி. எத்தனை பேரு வேணா சொல்லட்டும். நான் முத்திரை வெச்சப்ப எப்படி நின்னுச்சோ அப்படியே நிக்குது. போய்ப் பாத்தேன்னா போயிடும்."

இவர் பார்க்காதவரை இவருடைய உப்பு பத்திரம். இவர் பார்க்காதவரை அங்கே ஒருவர் திருடன். இரண்டும் ஒரே கட்டியைப் பற்றிய பேச்சு. அது நேரத்துக்கு நேரம் சிறுத்துக்கொண்டிருந்தது.

லாரி கதையைச் சொன்னேன். சொல்லலாமா என்று யோசித்துத்தான் சொன்னேன்.

அவர் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். "எவன் சொன்னான்?"

பெயர் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"அந்த மனுசன் உங்களுக்காக மழையில ஒக்காந்திருக்கிறாரு. நீங்க யாருக்காக இங்க ஒக்காந்திருக்கீங்க?"

பாய் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு செருப்பைத் தேடினார்.

மறுபடியும் அளத்தில்

நண்பரின் மொபெட்டில் அவரும் சைக்கிளில் நானுமாகப் போனோம். மரம் கிடந்த இடங்களில் இறங்கித் தள்ளினோம். மரக்காணம் வந்ததும் நேராக அளத்துக்குப் போவார் என்று நினைத்தேன். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினார்.

"லாரி சத்தம் கேட்டவன்லாம் எங்கடா? வாங்க. வந்து பாருங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் ஒருவர் எழுந்தார், பிறகு மற்றவர்களும். அஞ்சலை வாசல்வரை வந்தாள். அதற்கு மேல் வரவில்லை.

வரிசையாகத் தண்ணீரில் நடந்தோம். முனுசாமி எழுந்து நின்று, பாய் மேட்டில் ஏறும்வரை காத்திருந்து, ஓலைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். அவர் இப்போது உட்கார்ந்திருந்த பக்கம் வேறு; தூறல் திசை மாறியதும் மாறி உட்கார்ந்திருக்கிறார். உள்ளே சோற்றுப்பானை அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. தூக்குச்சட்டியைத் திறந்தார். சோறு இல்லை. எழுத்தின் பாதி பதிந்த களிமண் துண்டு ஒன்று இருந்தது.

"இவ்ளோதான் பாய் காப்பாத்த முடிஞ்சுது."

பாய் அந்த மண் துண்டைக் கையில் வாங்கினார். எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். விரல்களை மூடி அதை நொறுக்கினார். பிறகு குனிந்து, மேட்டின் ஓரத்துத் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"என் உப்பு எங்கயும் போவல. இதுலதான் இருக்குது."

"கடல் தண்ணி பாய் அது" என்றார் முனுசாமி. "கரிக்காம இருக்குமா?"

ஓடிவந்த காவல்காரர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். லாரி சத்தம் கேட்டவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்யா" என்றார் பாய். "முத்திரை உடைச்சாச்சு. வீட்டுக்குப் போ."

முனுசாமி தன் சட்டையை எடுத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். போகலாம் என்று சொன்ன பிறகும் சிறிது நேரம் நின்றார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர்போல இருந்தது. பிறகு மற்றவர்களோடு தண்ணீரில் இறங்கினார். லாரி சத்தம் கேட்டவர் காலித் தூக்குச்சட்டியை அவர் கையிலிருந்து வாங்கித் தான் தூக்கிக்கொண்டார்.

பாய் வரவில்லை. முனுசாமி குந்தியிருந்த இடத்தில், அதே ஓலையின் மேல் உட்கார்ந்தார். நான் கூப்பிட்டேன். "நீங்க போங்க தம்பி" என்றார். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, முந்தின நாள் பார்த்த அதே காட்சி தெரிந்தது: தண்ணீர், மேடு, அதன் மேல் ஒரு ஆள். வெள்ளைச் சட்டை மட்டும் புதிது.

பள்ளிக்கூட வாசலில் அஞ்சலை கணவரை மேலும் கீழும் பார்த்தாள். "வந்துட்டியா. போ, தட்டு எடுத்துகினு வரிசையில நில்லு" என்றாள். அவர் போய் நின்றார்.

இது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. அதற்குப் பிறகு பல புயல்களுக்குப் போயிருக்கிறேன்; கேமராவோடும் போயிருக்கிறேன். சாவு எத்தனை, சேதம் எவ்வளவு என்று டெஸ்க் கேட்பதை எல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்வேன். அது வேலை. அதோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பேன், டெஸ்க்குக்காக அல்ல: இங்கே யார் வந்து பார்க்கணும்னு காத்துக்கிட்டிருக்கீங்க? இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் யோசித்துப் பதில் சொன்னதில்லை. உடனே ஒரு பெயர் வரும்.