பந்தக்காலுக்குப் புரசு கொண்டுபோன தாய்மாமன்

அக்கா மகளின் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட, கல்யாண முருங்கைக் கிளை கொண்டுவர வேண்டியது தாய்மாமன். அதாவது நான். காலை ஏழரைக்குள் நட்டாக வேண்டும். ஆறே முக்காலுக்கு ஏரியூர் ரோட்டில் பைக்கில் பறந்துகொண்டிருந்தேன்.

பூமரங்களைப் பார்த்தால் பேருக்குக் காரணம் சொல்லும் வியாதி எனக்கு உண்டு. சரம் சரமாகத் தொங்குவது சரக்கொன்றை. லிங்கத்துக்கு நாகம் குடை பிடித்தாற்போல் பூத்தால் நாகலிங்கம். கல்யாணப் பந்தலுக்கு முதல் காலாக நிற்பதால் கல்யாண முருங்கை. இத்தனை தெரிந்தவனுக்கு மரம்தான் தெரியவில்லை.

வரப்போரம் இலையெல்லாம் கொட்டி, கிளை முழுக்கச் செக்கச்செவேலென்று ஒரு மரம்! சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். வெட்டிக் கொண்டுவந்து வாசலில் வீரனைப்போல நீட்டினேன்.

அக்கா தடவிப் பார்த்தாள். "முள்ளு எங்கடா? டேய், இது புரசங்கிளைடா!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். நான் விடவில்லை. "பழைய அகராதியில ரெண்டுக்குமே முருக்குன்னுதான்க்கா பேரு."

"அகராதிக்காடா கல்யாணம் பண்றோம்? மணி ஏழேகால்!"

அவ்வளவுதான். நேரம் தப்பிவிட்டது, கல்யாணம் நின்றுவிட்டது, மாப்பிள்ளை வீட்டு வேன் திரும்பிப் போகிறது என்று கண்ணுக்குள் படம் ஓடியது. வேன் வரவே இன்னும் நாலு நாள் இருந்தது. இருந்தும் அதை மறிக்கப் போகிறவன்போல ஓடி, சாமியானா கயிற்றில் தடுக்கி விழுந்தேன்.

என் மனைவி தூக்கிவிடக்கூட இல்லை. "ஏங்க, எங்க ஓடறீங்க? வூட்டுக்குப் பின்னாடி ஆட்டுப்பட்டி வேலியில நிக்கிறது என்னவாம்?"

போய்ப் பார்த்தால் ஆடுகள் மேய்ந்து மேய்ந்து மொட்டையாக்கிய கல்யாண முருங்கை. உச்சியில் மட்டும் ஒரு கொத்துச் சிவப்பு. அரிவாளை வீசுவதற்குப் பதில், பயத்தில் மரத்தையே கட்டிப்பிடித்து ஏறினேன். சட்டை கிழிந்தது. ஆடுகள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல மாட்டேன்.

ஈசான மூலைக் குழியில் கிளை இறங்கியது. மஞ்சள் துணி கட்டி, ஐந்து சுமங்கலிகள் பால் ஊற்றினார்கள். ஏழு இருபத்தெட்டு! எனக்கு வந்த குஷியில் சுற்றி மண்ணைப் போட்டுக் குதித்துக் குதித்து மிதித்தேன்.

"போதும்டா தம்பி, நீயும் சேந்து வேரு புடிச்சுறப் போற" என்றாள் அக்கா.

அவள் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.