கூடைக்குப் பக்கத்தில் கிடந்த எலி

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் நான், என் கணவரின் அக்கா, என் நாலு வயது மகள். அப்புறம், வெட்டுத் துணி போட்டு வைக்கும் கூடையில் மூன்று பூனைக்குட்டிகளும் அவற்றின் தாயும். வேறு யாரும் இல்லை. சுனாமி வந்ததற்கு அடுத்த வருடக் கோடை. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம்.

நான் எட்டாவதோடு நின்றவள். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பேன். எதற்கெடுத்தாலும் பயம். குக்கர் விசில் வரத் தாமதமானாலே அடுப்படியை விட்டு வெளியே போய் நிற்கிற ஆள். அந்தக் கூடையில் பூனை குட்டி போட்டதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

குட்டிகளுக்குப் பல் முளைத்ததும் பயம் அதிகமாகிவிட்டது. பால் குடிக்க வந்தால் தாய் சீறியது, தலையில் அறைந்தது. விலா எலும்பு தெரிய இளைத்தும் போயிருந்தது. பெற்றதுகளையே வெறுத்துவிட்டது என்று நினைத்தேன். போதாததற்குக் கூடைக்குப் பக்கத்தில் அடிக்கடி செத்த எலியோ பல்லியோ கிடக்கும். மகளுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்துவிடப் போகிறதே என்று உடனே முறத்தில் அள்ளி வெளியே கொட்டி, பினாயில் ஊற்றிக் கழுவிவிடுவேன்.

ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் இதைப் பார்த்தார். "பல்லு மொளச்சதுங்களுக்கு இன்னும் இன்னா பாலு? ஒம் பொண்ணுக்கு எப்படி மறக்கடிச்சே? அதேதான்" என்று வேப்பிலை பறித்து வந்து அம்மியில் அரைத்தார். எங்கள் பக்கம் பிள்ளைக்குத் தாய்ப்பால் நிறுத்த, மார்பில் வேப்பிலை அரைத்துத் தடவுவது வழக்கம்.

"பூனைக்கு ஆவுமா அண்ணி?" என்று இழுத்தேன்.

"ஆமா, பூனைக்குன்னு தனியா மரம் நட்டு வச்சிருக்காங்க. கால புடிடி!"

பிடித்தேன். தடவினார். ஆனால் பூனை நம்மைப் போலச் சும்மா இருக்குமா? விட்ட உடனே வயிற்றை நக்கியது. வாயெல்லாம் நுரை. தலையை உதறிக்கொண்டே மதிலேறி, லாரி போகும் ரோட்டுப் பக்கம் குதித்து ஓடிவிட்டது.

செருப்புகூடப் போடாமல் ஓடிப் போய்த் தேடினேன். காணோம். எங்கேயாவது நுரை தள்ளிச் செத்துக் கிடக்குமோ, லாரியில் மாட்டியிருக்குமோ என்று ரோட்டோரமெல்லாம் குனிந்து பார்த்தேன். வேலையாக வெளியூர் போயிருந்த கணவரைப் பெட்டிக்கடை ஒரு ரூபாய் போனில் கூப்பிட்டேன். "பசிச்சா வந்துடும். நீ மொதல்ல சாப்புடு" என்று வைத்துவிட்டார்.

கிண்ணத்தில் பால் வைத்தால், குட்டிகள் அதற்குள் நடந்தன. மூக்கை முக்கித் தும்மின. குடிக்கத் தெரியவில்லை. பஞ்சில் நனைத்து வைத்தேன், துப்பின. "அதுங்க அம்மா கசக்குதுன்னு போயிடுச்சாம்மா?" என்று மகள் கேட்டாள். மறுநாள் விடிந்தும் தாய் வரவில்லை. இருப்பதிலேயே சின்னக் குட்டி கத்துவதைக்கூட நிறுத்திவிட்டது. நாத்தனார் கூடையைப் பார்க்காமலே நடமாடினார்.

மத்தியானம் மதில் மேல் சத்தம். தாய்தான். வயிற்றில் பச்சை காய்ந்து ஒட்டியிருந்தது, வாயில் ஒரு எலி. கூடைக்குப் பக்கத்தில் போட்டது. பழக்கதோஷத்தில் என் கை துடைப்பத்துக்குப் போய்விட்டது. அதற்குள் பூனை தொண்டைக்குள்ளேயே ஒரு குரல் கொடுத்தது. படுத்துக் கிடந்த குட்டிகள் என் காலைத் தாண்டி ஓடி எலியில் வாய் வைத்தன. சின்னது மட்டும் தாயின் மடியைத் தேடிப் போனது. தாய் அதன் தலையில் நகம் படாமல் ஒரு தட்டுத் தட்டி, எலியின் பக்கம் திருப்பியது. அதுவும் தின்றது.

"அடியே, சோறு ஊட்டுதுடி!" என்றார் நாத்தனார்.

அது இத்தனை நாளும் குட்டிகளுக்குப் பால் மறக்கடிக்கத்தான் எலியும் பல்லியுமாகக் கொண்டு வந்திருக்கிறது. அதையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டு, குட்டிகளை வெறுத்துவிட்டது என்று அதன் மேலேயே பழி போட்டிருக்கிறேன்.

பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் துடைப்பத்தைக் கையில் எடுத்தால் இன்றைக்கும் ஒரு நிமிடம் நின்று, கீழே கிடப்பது யார், யாருக்காகக் கொண்டு வந்து வைத்ததோ என்று பார்த்துவிட்டுத்தான் கூட்டுகிறேன்.