மாவுக் கிண்ணத்தில் ஒரு முகப்பு விளக்கு

மருத்துவமனை ஸ்டோர் கீப்பருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘கையெழுத்து’. பெரிய டாக்டரே வந்து நின்றாலும் கையெழுத்து வாங்காமல் ஒரு பஞ்சுருண்டை தரமாட்டார். இருபத்திரண்டு வருடத்தில் ஓர் ஊசிகூட அவருக்குத் தெரியாமல் வெளியே போனதில்லை. அப்படிப்பட்டவர் சொந்த வீட்டில் மாதக்கணக்கில் திருடிக்கொண்டிருந்தார் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். அவருக்கே கஷ்டமாக இருந்தது.

ஐம்பதை நெருங்கும்போது சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்கு ஞானம் வரும். இவருக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. புதிய வண்டி அல்ல. நூறு வருடத்துக்கு முந்தியது போல அவரே கையால் செய்யப்போகும் வண்டி. பெரிய வட்ட விளக்கு, மாங்காய் போல முன்னால் பருத்துப் பின்னால் ஒடுங்கிய டேங்க், ஸ்பிரிங் மேல் ஒற்றை சீட். காயலான் கடையிலிருந்து ஓர் எஞ்சினையும் பாதி சட்டத்தையும் வாங்கி வந்து, வீட்டின் பின்னறையில் வைத்துப் பூட்டினார். இருபதாவது திருமண நாளன்று மனைவிக்குக் காட்டி அசத்துவது திட்டம்.

“ஒத்தை சீட்டு வண்டில அக்கா எங்க உக்காருவா மாமா?” என்று மைத்துனன் கேட்டான். வெல்டிங் வேலைக்குக் கூட வந்தவன் அவன்தான்.

“அவ பாத்து சந்தோஷப்படுவாடா. அது போதாதா?”

சட்டத்தை அறுத்து ஒட்டியாயிற்று, டேங்க்குக்குத் தகரம் வளைத்தாயிற்று. ஆனால் கடையில் கிடைத்த விளக்குக் கூடுகளெல்லாம் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கை ஒட்டவைத்து அதைப் பழங்காலம் என்று சொல்ல அவருடைய நேர்மை இடம் தரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனவர் கண்ணில், மனைவி மாவு பிசையும் எவர்சில்வர் கிண்ணம் பட்டது. டேப்பை வைத்து அளந்தார். விளக்குக் கண்ணாடிக்கென்றே செய்ததுபோல இருந்தது. மருத்துவமனையிலிருந்து ஒரு திருகாணி எடுத்தால் அது திருட்டு. சொந்த வீட்டில் எடுப்பதற்கு என்ன பெயர் என்று எந்த விதியிலும் இல்லை.

“கிண்ணத்தப் பாத்தீங்களா?” என்றாள் மனைவி.

“எந்தக் கிண்ணம்?” என்றார் அவர். அனுபவமுள்ள குற்றவாளிகள்கூட முதல் விசாரணையில் இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை.

அதன்பின் கை பழகிவிட்டது. மாதத்துக்கு ஒரு சாமான் காணாமல் போனது. ஆறு வருடமாக வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காவை மனைவி முதலில் ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கிளம்பும்போது பையைத் திறந்து காட்டச் சொன்னாள். பையில் ஒன்றும் இல்லாதது சந்தேகத்தைக் கூட்டியது. ஒருநாள், “நான் எடுக்கல, அவர் எடுக்கல. பின்ன கிண்ணத்துக்குக் கால் முளைச்சா போச்சு? நாளைலேர்ந்து வரவேணாம்க்கா” என்று முடித்துவிட்டாள். எதிர்வீட்டு டீச்சரிடமும் முனைவீட்டு டெய்லரிடமும் ஜாடையாகச் சொன்னாள். அந்த இரண்டு வீட்டு வேலையும் அக்காவுக்குப் போயிற்று.

ஸ்டோர் கீப்பர் அதிர்ந்துபோனார். இப்போது சொன்னால் பரிசின் ரகசியம் போய்விடுமே என்று யோசித்தார். திருமண நாளுக்கு இன்னும் ஐந்து மாதம்தான், அன்றைக்கு எல்லாம் தானே தெரிந்துவிடப் போகிறது. பிறகு பின்னறைக்குப் போய், மனபாரம் தீரக் கிண்ணத்தின் அடியில் வயருக்குத் துளை போட்டார்.

அந்த நாளும் வந்தது. காலையில் மனைவியைக் கண்ணைப் பொத்தி அழைத்துப்போய்ப் போர்வையை உருவினார். கறுப்பும் வெள்ளியுமாக வண்டி பளபளத்தது. மனைவியின் வாய் திறந்தது. மைத்துனன் கைதட்டினான்.

“நீங்களா செஞ்சீங்க?” என்று அவள் சீட்டைத் தடவினாள். தடவிய கை நின்றது. “இது என் ஹேண்ட்பேக்.”

“நல்ல தோலு. கடையில இப்படி வர்றதில்ல.”

அவள் குனிந்தாள். சீட்டுக்கடியில் சோபா ஸ்பிரிங் இரண்டு. சோபா ஏன் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்பது விளங்கியது. காற்று போகும் குழாயின் வாயில் டீ வடிகட்டி. பின்னால் பெட்டி கட்டும் இடத்தில் குளியலறைத் துண்டுக் கம்பி. நடந்து முன்பக்கம் வந்தாள். விளக்கின் அடியில் விரலை விட்டுத் தடவினாள். விளிம்பில் ஒரு நெளிவு. ஆறு வருடத்துக்கு முன்னால், வேலைக்கு வந்த முதல் நாளே அக்கா கைதவறிப் போட்டு உண்டான நெளிவு. தட்டிச் சரிசெய்ய முடியாமல் அவர் அதைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தார்.

மைத்துனன் கைதட்டலை எப்போதோ நிறுத்தியிருந்தான்.

“அக்காவ அனுப்புனப்ப நீங்க இங்கதான இருந்தீங்க?”

“இருந்தேன்.”

“உங்களுக்குத் தெரியும்.”

“சர்ப்ரைஸ் கெட்டுடுமேன்னு...”

அவள் வாசல் கதவை அகலத் திறந்தாள். “தள்ளிட்டு வாங்க” என்றாள்.

பதிவு முடியாத வண்டியைத் தெருவில் ஓட்டுவது குற்றம் என்பதால் அவர் தள்ளிக்கொண்டே போனார். சட்டத்தை மதிப்பவர். மனைவியும் மைத்துனனும் கூடவே நடந்தார்கள். மூன்று தெரு தள்ளி அக்காவின் வீடு. அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்தாள், குனிந்தாள், நெளிவில் விரல் வைத்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“தப்பு பண்ணிட்டேன்க்கா” என்றாள் மனைவி. “கேக்காம கொள்ளாம...”

“கேட்டீங்களேம்மா. தினமும் பையத் திறந்து கேட்டீங்க.” அக்கா கையைத் துடைத்தாள். “டீச்சர் வீடு, டெய்லர் வீடு. ரெண்டு எடத்துக்கும் வண்டியத் தள்ளுங்க சார். நான் கூட வர்றேன்.”

தள்ளினார். டீச்சர் வாசலில், “காணாமப் போன கிண்ணம் இதுதாங்க, எடுத்தது நான்” என்றார். டீச்சர் விளக்கைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி விளக்கைப் பார்த்தார். டெய்லர் வாயில் குண்டூசி இருந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அக்காவின் வீட்டுக்குத் திரும்பியதும் அவள் சொன்னாள்: “இந்தக் கிண்ணத்தாலதான் என் வேலை போச்சு. இத எனக்குக் குடுத்துடுங்க.”

பதினான்கு மாத உழைப்பின் முகம் அது. அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி மைத்துனனைப் பார்த்தாள். அவன் ஸ்பேனரை நீட்டினான்.

இரண்டு போல்ட்டைக் கழற்றி, கண்ணாடியைப் பிரித்து, கிண்ணத்தை அக்காவிடம் கொடுத்தார். கொடுத்த கை, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், தானாகச் சட்டைப் பைக்குள் போய்த் துண்டுச் சீட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டிவிட்டது.

“இங்க ஒரு கையெழுத்து...”

மைத்துனன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

அக்கா சீட்டை வாங்கவில்லை. “நான் எதுக்கு சார் போடணும்? எடுத்தவங்கதான போடணும்.”

அவர் எழுதினார். ‘மாவுக் கிண்ணம் ஒன்று. எடுத்தவன் நான்.’ தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அக்கா இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துக் கிண்ணத்துக்குள் போட்டாள்.

“நாளைக்கு வேலைக்கு வர்றீங்களாக்கா?” என்றாள் மனைவி மெதுவாக.

“வர்றேன்மா. ஆனா சாயங்காலம் நான் கிளம்பும்போது, சார்தான் அவர் பையத் திறந்து எனக்குக் காட்டணும்.”

மனைவி தலையாட்டினாள். வயர் இரண்டும் வண்டியின் முகத்தில் தொங்க, அவர் அதை வீட்டுப் பக்கம் திருப்பினார்.