மூன்றாவது தழுவல்

என் கழுத்து யாருக்கும் எளிதில் கிடைத்துவிடுகிற கழுத்து. துறைமுகத்துப் பக்கம் படகு எஞ்சின் திருத்தும் கடையில் வேலை முடிந்ததும், பின்தெருவில் ஒரு மாடி அறைக்கு மல்யுத்தம் பழகப் போவேன். உடுப்பைப் பிடிக்கக் கூடாத மல்யுத்தம் அது. நின்றபடி கட்டிக்கொள்ளும்போது பிடிப்பதற்கு இருப்பது எதிராளியின் கழுத்தும் கையும் அக்குளும்தான். அதுவும் வியர்வையில் வழுக்கும். என்னோடு மோதுகிறவர்கள் முதல் வேலையாக என் பிடரியில் கையைப் போட்டுத் தலையைக் கீழே இழுத்துவிடுவார்கள். மீதி நேரம் முழுக்க என் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"கழுத்தைக் குடுக்காதையும் எண்டு எத்தினை தரம் சொல்றது?" என்று மாஸ்டர் கத்துவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்; மேலேயிருந்து கத்திப் பழகிய குரல். "பிடரியில கை விழுந்த உடனை முழங்கையைத் தட்டி உயர்த்தும். அதுக்குக் கீழால புகுந்து பின்னால போம். யோசிக்கக் கூடாது!"

யோசிக்காமல் இருக்க எனக்கு மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது.

அந்த நேரம் பார்த்து மூதூரில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். அவளுக்கு என்னைப் பிடித்திருந்தது. எனக்கு அவளை அதைவிடப் பிடித்திருந்தது. அவளுடைய வாப்பாவுக்குத்தான் மல்யுத்தம் உறுத்தியது. நெல் வியாபாரி, நிதானமான மனிதர். "கைநீட்டுற ஆளுக்கு எப்படிப் புள்ளையக் குடுக்கிற?" என்று கேட்டாராம். பெருநாளுக்கு எங்கள் டவுனில் உறவுக்காரர் வீட்டுக்கு வருவதாகவும், என்னை நேரில் பார்த்து முடிவு சொல்வதாகவும் தகவல் வந்தது.

"வாயத் தொறக்காத மகன். சிரிச்சிட்டு நில்லு. அது காணும்," என்றார் உம்மா.

பெருநாள் தொழுகை முடிந்து கடற்கரைத் திடலில் எல்லோரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டிருந்தபோது அவளுடைய வாப்பா என்னைத் தேடி வந்தார். எங்கள் வழக்கப்படி தழுவல் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் பக்கம் மாற வேண்டும். ஒரு கை தோளுக்கு மேலே, மறு கை அக்குளுக்குக் கீழே. மாடியில் நாங்கள் உடம்பைச் சூடாக்கச் செய்கிற பயிற்சியும் அச்சொட்டாக இதுதான் என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. முதல் முறை தப்பினேன். இரண்டாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவதில் மனிதர் பாசம் மேலிட்டு, என் பிடரியில் கையை வைத்துத் தலையைத் தம் தோளோடு இழுத்தார்.

நான் யோசிக்கவே இல்லை. அவருடைய முழங்கை உயர்ந்தது. நான் கீழால் புகுந்தேன். அவருக்குப் பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிக் கைகளைப் பூட்டியிருந்தேன். இத்தனை நாள் வராத வித்தை அன்றைக்கென்று எண்ணெய் போட்டது மாதிரி வந்தது. அவருடைய குதிகால்கள் மணலை விட்டு எழும்பிவிட்டன, தொப்பி விழுந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் வாழ்த்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

பயந்துபோனவர் என் கையில் படபடவென்று தட்டினார். எங்கள் விளையாட்டில் அப்படித் தட்டினால் தோற்றேன், விடு என்று அர்த்தம். தட்டியது யாரானாலும் உடனே விட வேண்டும். விட்டேன். அவர் தொப்பியை எடுத்து உதறிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தைத் தொடக்கூட எனக்கு மனம் வரவில்லை. அவளை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். "சிரிச்சிட்டு நில்லெண்டுதானே நான் சொன்ன," என்று உம்மா வேறு புலம்பிக்கொண்டிருந்தார். பின்னேரம் அவளுடைய வாப்பாவின் அழைப்பு வந்தது. உம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"தங்கச்சி, கோவக்காரனோ எண்டுதான் நான் பயந்தனான். கோவக்காரனெண்டா பிடிச்ச பிடிய விட்டிருக்க மாட்டான். இவன் நான் தட்டின உடன விட்டுட்டான். போதுமெண்டா விடுற ஆளுக்கு என்ட புள்ளையக் குடுக்கலாம்."

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"ஆனா மருமகனுக்கு ஒண்டு சொல்லி வைங்க," என்றார் அவர். "நிக்காஹ் அண்டைக்கு எனக்குக் கை மட்டும் குடுத்தாக் காணும்."