அலை வராத கடல்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஈரமணலில் நண்டு நடந்த மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாசிக்கிற நீங்கள் ஒரு கூட்டாளி என்று நினைத்துக்கொண்டுதான் பேனையைப் பிடித்திருக்கிறேன். வேற்று ஆட்களுக்கு முன்னால் எனக்குக் கதையே வராது.

இன்று சுபஹு தொழுதுவிட்டுப் பாலமுனைக் கரைக்குப் போனேன். கடல் அசையாமல் கிடந்தது. எங்கள் கடல் வருடத்தில் சில நாட்கள்தான் இப்படி அடங்கிக் கிடக்கும். பார்த்ததும் கத்தாரில் நான் படிப்பித்த நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஓம், நானும் ஒரு காலம் 'சேர்' ஆக இருந்தவன்தான். சிரிக்காதீர்கள்.

கட்டட வேலைக்குப் போயிருந்தேன். எங்கள் முகாமில் வெள்ளிக்கிழமைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஏதாவது தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒருவர் இங்கிலீஷ், ஒருவர் கம்பியூட்டர். என் அறையில் இருந்த ரபீக் எங்கள் ஊர்ப்பக்கம் வரிப்பத்தான்சேனைக்காரன், வயல்காரக் குடும்பம். வாய் மட்டும் சும்மா இருக்காது. அண்ணன் முறை வைத்து என்னைக் 'காக்கா' என்பான். ஒருநாள் வந்து சொன்னான்:

"காக்கா, ஒங்கட பேரக் குடுத்திட்டன்."

"எதுக்குடா?"

"நீந்தப் பழக்க. சேர் வேணுமாம்."

"எனக்கு நாலு பேருக்கு முன்னால கதைக்க ஏலாதெண்டு ஒனக்குத் தெரியாதா?"

"தண்ணிக்குள்ள ஆரு காக்கா கதைக்கிற?"

விஷயம் இதுதான். கட்டட வேலை முடிந்துகொண்டு வந்தது. நீந்தத் தெரிந்தவர்களைக் கம்பெனி துறைமுகப் படகுகளுக்கு எடுக்கும், மற்றவர்களுக்கு ஊருக்கு டிக்கெட். பழக வந்தவர்கள் அநேகமாக நேபாளிகள். அவர்களில் தாஷி என் வயதுக்காரன், உயர்ந்த மலைக்கிராமத்து ஆள். இரண்டு பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தார்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் அவர்களைப் படிப்பிலிருந்து நிறுத்த வேண்டியதுதான் என்று தன் ஹிந்தியில் சொன்னான். ரபீக் அதை எனக்குத் தமிழில் சொன்னான்.

அந்தக் கடலின் வாசம் எனக்குப் பிடிக்கவில்லை. மீன் வாசமே கிடையாது. டீசலும் சூடான மணலும்தான். ஆனால் தாஷி சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பள்ளிவாசலுக்குள் வருகிறவன் போல மெதுவாக இறங்கினான். ஒரு கை தண்ணீரை அள்ளி நெற்றியில் வைத்தான். பிறகு நக்கிப் பார்த்தான்.

"முழுக்க இப்பிடி உப்புத்தானா? இவ்வளத்தையும் ஆரு போட்டதெண்டு கேக்காரு" என்றான் ரபீக்.

"அல்லாஹ் போட்டதெண்டு சொல்லு" என்றேன். என் ஆசிரியத் தொழிலின் முதல் பதில் அதுதான்.

எங்கள் கரையில் அலை கிட்ட வந்து உடையும். பயந்து ஓடினால் உருட்டிவிடும். தலையைக் குனிந்து அடியால் புகுந்துவிட்டால் மேலால் போய்விடும். அதனால் எங்களுக்கு முதல் பாடம் மூழ்குவது. மிதப்பது பிறகுதான். வாப்பா எனக்கு அப்படித்தான் பழக்கினார். நானும் எல்லோரையும் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, "அலை வரும்போது குனியுங்கள்" என்று கை காட்டினேன். குனியத் தயாராக நின்றார்கள். வெகுநேரம் நின்றார்கள்.

"காக்கா, இந்தக் கடலுக்கு இண்டைக்கு லீவு போல" என்றான் ரபீக்.

எனக்கோ வேறு முறை தெரியாது. அலை இல்லாமலே மூழ்கச் சொன்னேன். எல்லோரும் இருமிக்கொண்டு எழும்பினார்கள். தாஷி எழும்பவில்லை. பார்த்தேன், பார்த்தேன், காணவில்லை. உடுத்த சாரத்தோடு பாய்ந்தேன். அடியில் சம்மாணம் கொட்டிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி இருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். மேலே இழுத்து வந்து தமிழிலேயே ஏசினேன். அவன் மெதுவாக ஏதோ சொன்னான்.

"உள்ளுக்குச் சத்தமே இல்லயாம் காக்கா. இவர்ர ஊர்ல முதல் பனி விழுந்த காலையில இப்பிடித்தான் இரிக்குமாம்."

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் கடலுக்குப் பயமில்லை என்கிறவன் பொய்யன். சின்ன வயதிலிருந்து மூழ்கியவன் நான். ஒருநாளும் அந்த அமைதியைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. அன்று அவனோடு போய் இருந்து கேட்டேன்.

பிறகு ஒவ்வொரு வெள்ளியும் நீந்தி முடிந்ததும் ஒரே சஹனைச் சுற்றி இருந்து சாப்பிட்டோம். பெரிய தட்டில் சோறு வைத்து எல்லோரும் கை போடுவது எங்களுக்குப் பழக்கம், தாஷிக்குப் புதிது. இறைச்சித் துண்டைத் தன் பக்கமிருந்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பான். நான் திருப்பித் தள்ளுவேன். பாஷை இல்லாத எங்கள் சண்டை அது.

மற்றவர்கள் எப்படியோ மிதக்கப் பழகிவிட்டார்கள். அவன் மட்டும் மிதக்கவே இல்லை. நான் பாடத்தைத் தலைகீழாகத் தொடங்கியதன் பலன். வெள்ளிக்கிழமைகள் முடிந்துகொண்டு வந்தன. கம்பெனியின் நீச்சல் சோதனைக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

சோதனைக்கு வந்தவர் ஒரு பிலிப்பினோ படகோட்டி. ஒரு தூணிலிருந்து மற்றத் தூணுக்கு நீந்த வேண்டும். தாஷி இறங்கினான், மறைந்தான். தண்ணீருக்கு மேல் தலை இல்லை, கை இல்லை. நடுவில் ஆமை மாதிரி ஒருமுறை மூச்செடுத்து மறுபடி உள்ளே போனான். மற்றத் தூணைப் பிடித்துக்கொண்டு எழும்பினான்.

"நீந்தச் சொன்னால் ஒளிக்கிறாயா?" என்று அந்த மனிதர் சத்தம் போட்டார். பிறகு யோசித்தார். இன்னொரு முறை செய்யச் சொன்னார். முடிந்ததும் சிரித்துவிட்டார். படகின் அடிப்பக்கம் ஒட்டுகிற சிப்பியைச் சுரண்ட இப்படி ஒரு ஆளைத்தான் தேடினாராம்.

தாஷி என்னைக் கட்டிக்கொண்டு "சேர், சேர்" என்றான்.

"காக்கா, நீங்க பிழையாப் படிப்பிச்சதுல பாஸான ஒரே ஆள் இவர்தான்" என்றான் ரபீக்.

துறைமுக முகாமுக்கு மாறிப் போகிற அன்று தாஷி தன் பையிலிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்து என் கையில் வைத்தான். அவன் ஊர் ஆற்றில் எடுத்ததாம். கல்லுக்குள் வரிவரியாகச் சுருண்ட ஒரு சங்கு, அதுவும் கல்லாகவே. மலையில் ஏது சங்கு என்று சிரித்தேன். முன்னொரு காலத்தில் அங்கே கடல்தான் இருந்தது என்றான். கடலையே கண்டிராத மனிதன், பைக்குள் கடலை வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்!

அந்த முகாம் இப்போது இல்லை. தாஷியின் நம்பர் வேலை செய்வதில்லை. ரபீக் ஊரில் வயல் செய்கிறான். போன கிழமை அவன் போனில் சொன்னான், எங்கள் நீச்சல் கரையை மண் போட்டு நிரப்பிவிட்டார்களாம். தாஷி அடியில் இருந்து சிரித்த இடத்தில் இப்போது ஆட்கள் கால் நனையாமல் நடந்து போகிறார்களாம்.

ஷஃபான் மாதம் பிறை ஏழு, வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.